கைக்குள் இருக்கும் கணக்கு வெளியே வருமா?



சில ஆண்டுகளாக நம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. சிலரிடம் அது உள்ளங்கை அகலத்தில் பில் போடும் கருவி. சிலரிடம் செல்பேசியில் ஒரு செயலி. பெரிய கடைகளில் திரையைத் தொட்டால் பில் அச்சாகி வருகிறது. கயிறு கட்டித் தொங்கவிட்ட சிட்டை நோட்டும், காதில் செருகிய பென்சிலும் குறைந்துகொண்டே வருகின்றன. நம் மேல்விஷாரம் கடைத்தெருவிலும், ஆற்காடு, இராணிப்பேட்டை பக்கமும் இதே நிலைதான். ஆம்பூர், வாணியம்பாடியில் இன்னும் அதிகம் என்று அங்கிருந்து வரும் வணிகர்கள் சொல்கிறார்கள்.

இதை நாம் குறை சொல்ல வரவில்லை. பையன் கூட்டல் தவறாகப் போட்டு நாற்பது ரூபாய் குறைந்தது, பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைக்க மறந்தது போன்ற தொல்லைகள் ஒழிந்தன. நம் மண்டியிலும் கணிப்பொறிதான் பில் போடுகிறது. ஆனால் ஒரு கேள்வியை நம்மில் பலரும் கேட்காமலேயே கருவியை வாங்கிவிடுகிறோம். விலை கேட்கிறோம், தவணை உண்டா என்று கேட்கிறோம், பேப்பர் ரோல் எங்கே கிடைக்கும் என்றுகூடக் கேட்கிறோம். உள்ளே போகும் கணக்கை நாம் நினைத்த நாளில், யாருடைய தயவும் இல்லாமல், ஒரு கம்பியைச் செருகி வெளியே எடுக்க முடியுமா என்பதைக் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியது ஒரு பழைய கருவியால். அதன் வரலாறு நம் தொழிலுக்கு மிகவும் பொருந்துவதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

செல்பேசி எல்லார் கைக்கும் வருவதற்கு முன் ஆர்கனைசர் என்று ஒன்று இருந்தது. முகவரி, தொலைபேசி எண், நாள் குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி. அமெரிக்காவின் பாம் நிறுவனம் 1996-இல் பைலட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரு சிறு குச்சியால் திரைமேல் எழுதினால் அது எழுத்தாகப் பதிந்துகொள்ளும். பாம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களே வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி 1999-இல் வைசர் என்ற கருவியை வெளியிட்டார்கள். தோல் ஏற்றுமதி நடக்கும் நம் பகுதியில் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறவர்கள் சிலர் இதை வாங்கி வந்து, காஜா பீடி அளவு அலட்சியத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கருவிக்கு ஒரு தொட்டில் உண்டு. கணிப்பொறியோடு கம்பியால் இணைத்த ஒரு மேடை. கருவியை அதில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால், கருவியில் எழுதியதெல்லாம் கணிப்பொறிக்கும், கணிப்பொறியில் எழுதியது கருவிக்கும் போய்ச் சேரும். முதலில் அந்தக் கம்பி பழைய வகை, ஒன்பது ஊசி உள்ள சீரியல் கம்பி. பிறகு யுஎஸ்பி வந்தது. இன்று செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பியின் மூதாதை அதுதான். 1996-இல் அதன் முதல் விதிமுறை வெளியானது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வடோதராவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. எந்தக் கருவியானாலும் ஒரே வகைத் துளை போதும் என்பதே அதன் நோக்கம்.

துளை ஒன்றாகிவிட்டது. பேச்சு ஒன்றாகவில்லை. ஒரே ரயிலில் வந்து இறங்கினாலும் தெலுங்கு வியாபாரியும் மலையாள வியாபாரியும் வேறு வேறு மொழிதானே பேசுவார்கள்? கம்பி பொருந்தினாலும் கருவியின் மொழி தெரிந்த மென்பொருள் கணிப்பொறியில் இருந்தால்தான் கணக்கு இறங்கும். அந்த மென்பொருளை விற்ற நிறுவனம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் கொடுத்தது. லினக்ஸ் என்ற இலவச இயக்க முறைமையைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி, உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தது லினக்ஸ். அதைப் பயன்படுத்தியவர்கள், 'நிறுவனம் கொடுக்காவிட்டால் என்ன' என்று கருவி பேசும் மொழியைத் தாங்களே கண்டறிந்து, பைலட்-லிங்க் என்ற மென்பொருளை எழுதிப் பொதுவில் வைத்தார்கள். ஜே-பைலட் என்று முகவரியும் குறிப்பும் பார்க்கும் ஒரு மென்பொருளும் வந்தது. யுஎஸ்பி கம்பி வந்தபோது லினக்ஸின் உள்ளேயே வைசர் என்ற பெயரில் ஓர் இணைப்பு மென்பொருள் சேர்ந்தது. இதற்கெல்லாம் யாரும் விலை கேட்கவில்லை. வியாபாரிக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் தோன்றும். விலை இல்லாத சரக்கில் நமக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அந்தச் சந்தேகம் எங்கே தீர்ந்தது என்றால், 2012-இல் நம் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில்.

நம் மண்டிக்கு நான்கு கடை தள்ளிச் சர்க்கரை, வெல்லம் மொத்த வியாபாரம் செய்த பாய் ஒருவர் திடீரென்று மாரடைப்பில் காலமானார். கணக்கில் மிகவும் கண்டிப்பானவர். ஆனால் பேரேட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் எழுதுவார். அன்றாடப் பாக்கியை, மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த வைசர் கருவியில்தான் குறித்து வைப்பார். சாத்தம்பாக்கம் முதல் கலவை வரை ஏறத்தாழ எண்பது கடைக்காரர்களின் பாக்கி அதில் இருந்தது. அவர் மனைவி நம்மைக் கூப்பிட்டனுப்பி, "அண்ணே, அவர் எல்லாத்தையும் இதுலதான் எழுதுவார். யார்கிட்டப் போய் நான் என்னன்னு கேப்பேன்?" என்று அந்தக் கருவியைக் கையில் கொடுத்தார். மகன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பாய்க்குச் சரக்கு அனுப்பிய ஆலைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் இருந்தது. வரவேண்டியது தெரியாவிட்டால் கொடுக்க வேண்டியதற்குக் கடையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

திரையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் தொடங்கினோம். குறிப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. திரை மங்கலாகிக்கொண்டே வந்தது. மின்கலத்தின் அடையாளம் அடிமட்டத்தில் நின்றது. அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு பெரிய குறை உண்டு. எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் உள்ளே நிற்கும். இரண்டு சிறிய பென்சில் பேட்டரிகளும் முழுவதும் தீர்ந்துவிட்டால் உள்ளே உள்ளது அத்தனையும் துடைத்த பலகைதான். பேட்டரியை மாற்றும்போது ஏறத்தாழ ஒரு நிமிட அவகாசம்தான்.

நகரத்தில் ஒரு கணிப்பொறிக் கடைக்குக் கொண்டுபோனோம். அவர்களிடம் இருந்தது புதிய 64 பிட் விண்டோஸ். பழைய கருவியோடு யுஎஸ்பி வழியாகப் பேச அதற்கு ஏற்ற இணைப்பு மென்பொருளை உற்பத்தி செய்தவர்கள் வெளியிடவே இல்லை. வெளியிட ஆளும் இல்லை. ஹேண்ட்ஸ்பிரிங் 2003-இல் பாம் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. பாம் நிறுவனத்தை 2010-இல் எச்.பி. நிறுவனம் வாங்கி, மறு ஆண்டே அதன் கருவிகளை நிறுத்திவிட்டது. கருவி நன்றாக இருக்கிறது. கம்பி நன்றாக இருக்கிறது. கணிப்பொறியும் நன்றாக இருக்கிறது. நடுவில் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. கடைக்காரர், "இது பழைய மாடல் சார், தூக்கிப் போட்டுடுங்க" என்றார். எண்பது கடைப் பாக்கியைத் தூக்கிப் போடச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது.

பாயின் அக்காள் மகன் ஒருவர் கல்லூரியில் கணிப்பொறி படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இருந்தது. "மாமா வைச்சிருந்ததை நான் பார்க்கிறேன் ஐயா, ஆனா பேட்டரி தாங்கணும்" என்றார். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நடந்ததை அப்படியே எழுத முடிகிறது.

கம்பியைச் செருகினார். ஒன்றும் தெரியவில்லை. நாம் பயந்தோம். அவர், "தொட்டில் பொத்தானை அமுக்கினாத்தான் ஐயா இது இருக்கிறதே கணிப்பொறிக்குத் தெரியும். அதுவரைக்கும் தூங்குது" என்றார். பொத்தானை அழுத்தினார். அழுத்திய சில வினாடிகளுக்குள் கணிப்பொறி பதில் பேசாவிட்டால் கருவி சலித்துப்போய்ப் பேச்சை நிறுத்திவிடும். முதல் தடவை 'அனுமதி இல்லை' என்று வந்தது. லினக்ஸில் ஒவ்வொரு வாசலுக்கும் யார் நுழையலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் அவர் பெயரைச் சேர்த்தார். இரண்டாம் தடவை அனுமதி கிடைத்தது, பேச்சு வரவில்லை. இந்தக் கருவி ஒரே கம்பியில் இரண்டு வாசல்களைக் காட்டுகிறதாம், 0 என்று ஒன்று, 1 என்று ஒன்று. கணக்கு வெளியே வருவது இரண்டாவது வாசல் வழியாக. அவர் முதல் வாசலில் காத்திருந்தார். மண்டியின் முன்வாசலில் வாடிக்கையாளர் நிற்க, பின்வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்குவதுபோல என்று நினைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தடவைக்கு முன் அவர் நிறுத்தி, புதிய பேட்டரிகளைக் கையில் எடுத்து, பழையதை உருவிய மூச்சிலேயே மாட்டினார். பாயின் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சில வினாடிகளில் யாரும் பேசவில்லை. பிறகு பொத்தானை அழுத்தி, இரண்டாவது வாசலில் கேட்டார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. முகவரிகள் ஒரு கோப்பு, குறிப்புகள் ஒரு கோப்பு, நாள்வழி ஒரு கோப்பு. சில நிமிடங்களில் எல்லாம் இறங்கி முடிந்தது. உடனே இன்னொரு பென்டிரைவில் ஒரு படி எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார் அந்தப் பிள்ளை.

அந்தக் கருவியில் தமிழ் எழுத்து கிடையாது. பாய் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். பெயருக்குப் பதில் 'மூலைக்கடை', 'சைக்கிள் தம்பி', 'மாடி வீட்டு அம்மா' என்று எழுதுவது அவர் வழக்கம். அவற்றைப் பிரித்துச் சொல்ல நாமும் இன்னும் இரண்டு வணிகர்களும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனோம். பெரும்பாலோர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். அதில் ஒருவர் தம் சிட்டையை எடுத்துக் காட்டினார், பணம் கொடுத்த தேதியும் பாயின் கையெழுத்தும் இருந்தன. உடனே பட்டியலில் அவர் பெயரை அடித்தோம். மற்றவரைப் பற்றி எழுத விரும்பவில்லை. கடை விற்கப்படவில்லை. இன்று அந்த மகன்தான் அதை நடத்துகிறார்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டது. நகல் எடுப்பது வேறு, ஒத்திசைப்பது வேறு. நகல் என்றால் ஒரு நோட்டைப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதுவது. ஒத்திசைவு என்றால் இரண்டு நோட்டுகளையும் இரவில் எதிரெதிரே வைத்து ஒன்றாக்குவது. கடைச் சிட்டையில் கணக்குப்பிள்ளை எழுதுகிறார், வீட்டுப் பேரேட்டில் முதலாளி எழுதுகிறார். இரவில் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இதை அந்தக் கருவி எப்படிச் செய்தது என்றால், மாற்றம் செய்த ஒவ்வொரு பதிவின்மேலும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். அதே கணிப்பொறியோடு மறுபடி சேரும்போது அடையாளம் உள்ளவற்றை மட்டும் பரிமாறிக்கொள்ளும். வேறு கணிப்பொறியோ என்று சந்தேகம் வந்தால் முதல் பதிவிலிருந்து கடைசிவரை ஒன்றொன்றாக ஒப்பிடும். நேரமாகும், ஆனால் தவறாது.

இரு பக்கத்திலும் ஒரே பதிவை வேறு வேறாக மாற்றியிருந்தால்? இங்கேதான் நமக்கு அந்தப் பழைய கருவியின்மேல் மரியாதை வந்தது. அது எதையும் அழிக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு, 'இப்படி இரண்டு இருக்கிறது, எது சரி என்று நீ பார்' என்று சொல்லும். நல்ல கணக்குப்பிள்ளை செய்வதும் இதுதான். மூலைக்கடைக்கு முதலாளி 1,200 என்று எழுதி, பையன் 2,100 என்று எழுதியிருந்தால், ஒன்றை அழித்துவிட்டுப் போகிறவர் கணக்குப்பிள்ளை இல்லை. இன்று பல செயலிகளில் கடைசியாக எழுதியதே நிற்கிறது. முன்னது போன இடம் தெரிவதில்லை. அப்பாவும் மகனும் ஆளுக்கொரு செல்பேசியில் ஒரே கணக்கைத் திறந்து எழுதும் கடைகளில் இதை ஒருநாள் சோதித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலேயே இதற்கொரு முயற்சி நடந்ததை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையில், பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கைக்கணிப்பொறியை வடிவமைத்து 2001 ஏப்ரலில் அறிமுகம் செய்தார்கள். எளியது, விலை குறைந்தது, பல மொழி பேசுவது என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். உள்ளே ஓடியது லினக்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உதவும்படி இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியும், ஒரே கருவியைப் பலர் தத்தம் அட்டையைச் செருகிப் பயன்படுத்தும் வசதியும் அதில் இருந்தன. கிராமத்துக்கு ஒரு கருவி, ஆளுக்கொரு அட்டை என்பது அவர்கள் எண்ணம். வடிவமைப்பையே பொதுவில் வைத்தார்கள். 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனம் பிக்கோபீட்டா என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அமிடா என்ற பெயரில் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாயிலிருந்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

விற்கவில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தும் விற்கவில்லை. வியாபாரி என்ற முறையில் இதற்கு நாம் கருதும் காரணம், விலை ஏறியதும் செல்பேசி இறங்கியதும் ஒரே சமயத்தில் நடந்ததுதான். பத்தாயிரம் ரூபாய் கொடுக்கும் கிராமம் இல்லை. பத்தாயிரம் கொடுக்க முடிந்தவருக்கு வேறு கருவி கிடைத்தது. நல்ல சரக்கு தவறான நாளில் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும் என்று தக்காளி வியாபாரியைக் கேளுங்கள். ஆனால் அன்று அவர்கள் நினைத்தது வீணாகவில்லை. இன்று நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு செல்பேசி, பல பில் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது லினக்ஸின் கருதான். அடியில் இருப்பது பொதுச்சொத்து. மேலே பூட்டிய பூட்டு மட்டும் தனியார் பூட்டு.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் இப்போது பேச்சு. ஆண்ட்ராய்டு செல்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணிப்பொறியோடு இணைத்தால் விண்டோஸானாலும் லினக்ஸானாலும் படங்கள் தெரியும், பாட்டுகள் தெரியும், பதிவிறக்கிய கோப்புகள் தெரியும். கடன் கணக்குச் செயலியின் உள்ளே இருக்கும் கணக்கு தெரியாது. ஒரு செயலியின் கணக்கை இன்னொன்று திருடக்கூடாது என்பதற்காக அது தனியறையில் பூட்டப்பட்டிருக்கிறது. அது நியாயமான பாதுகாப்புதான். அந்தச் செயலியே கதவைத் திறந்து 'இந்தா உன் கணக்கு' என்று ஒரு கோப்பாகக் கொடுத்தால்தான் நமக்குக் கிடைக்கும். கொடுக்கிற செயலிகள் இருக்கின்றன. படம்போல ஒரு தாளை மட்டும் கொடுத்துவிட்டு, வேறு மென்பொருளில் ஏற்ற முடியாதபடி வைப்பவையும் இருக்கின்றன. ஆண்டுச் சந்தா கட்டினால்தான் கொடுப்பேன் என்பவையும் இருக்கின்றன.

பக்கத்து ஊரில் நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் மூன்று ஆண்டுகள் ஒரு பில் மென்பொருளைப் பயன்படுத்தினார். விற்றவர் தொழிலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தொலைபேசி எடுப்பதில்லை. சந்தா முடிந்ததும் திரை திறக்க மறுத்தது. பில் போடுவதற்கு வேறொன்று வாங்கிவிடலாம். மூன்று ஆண்டுக் கொள்முதலும் விற்பனையும் உள்ளே. நிறுவனம் சிறிதா பெரிதா என்பது இங்கே கணக்கில்லை. பாம் சிறிய நிறுவனமா?

இதில் சட்டமும் நம் கழுத்தில் இருக்கிறது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற வணிகர் ஒரு நிதியாண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25 ஆண்டின் கணக்கு என்றால் 2031 டிசம்பர் முடிய என்று ஆகிறது. மேல்முறையீடு இருந்தால் இன்னும் நீளும். மின்னணு முறையில் கணக்கு வைப்பவர், விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்து அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கத்தக்க மாற்றுப் படி வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டதைப் பார்த்த நமக்கு இயற்கைச் சீற்றம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'செயலிக்காரர் கடையை மூடிவிட்டார்' என்று அதிகாரியிடம் சொன்னால் அது எந்த வகைச் சீற்றம் என்று அவர் கேட்பார்.

இதைப் பேசினால் இளைஞர்கள் ஒரு பதில் சொல்கிறார்கள். கணக்கெல்லாம் இணையத்தில் இருக்கிறது, செல்பேசி தொலைந்தாலும் புதியது வாங்கி எண்ணைப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். உண்மைதான். பாயிடம் அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நாம் எண்பது கடை ஏறி இறங்கியிருக்க வேண்டாம். அதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அது அவர்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள நம் நகை. நல்லவர்கள், பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒரு படி நம் வீட்டிலும் இருக்கட்டும் என்பதில் அவர்களுக்கு என்ன நட்டம்? தவிர, நம் வாடிக்கையாளர் யார், எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடுகிறது என்பதெல்லாம் நாற்பது ஆண்டுகள் மூட்டை சுமந்து நாம் தெரிந்துகொண்டவை. அது எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

எல்லாரும் நாளையே லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையாகாது. நாம் பழகிய கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுபவை. தணிக்கையாளரும் அதில்தான் கேட்கிறார். சில பில் அச்சுப்பொறிகள் லினக்ஸில் அடம் பிடிக்கின்றன. அந்தப் பிள்ளையும் ஒரு செய்தி சொன்னார். லினக்ஸிலேயே இந்த ஆர்கனைசரோடு பேச இரண்டு வழிகள் உண்டாம், ஒன்று வேலை செய்ய மற்றொன்றை அணைத்து வைக்க வேண்டுமாம், இது தெரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் பலராம். இலவசம் என்றால் உழைப்பு இல்லை என்று பொருளில்லை. மண்டியில் எட்டு மணிக்கு லாரி நிற்கும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று தூசி படிந்து கிடக்குமானால், அல்லது அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று பரண்மேல் இருக்குமானால், அதை எடைக்குப் போடாதீர்கள். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் தமிழிலும் கிடைக்கிறது. டெபியன் கிடைக்கிறது. இரண்டாவது படியைப் பாதுகாக்கவும், பழைய கருவியிலிருந்து எதையேனும் மீட்கவும் இது போதும். விண்டோஸ் கைவிட்ட பழைய கருவிகள் பலவற்றோடு லினக்ஸ் இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்தப் பேச்சு பொதுவில் எழுதி வைக்கப்பட்டிருப்பதே. நிறுவனம் போனாலும் எழுத்து நின்றது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எடைக்கல் முத்திரைக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும் முகாம் நடத்துகிறோம். அதுபோல ஒரு நாள், பில் கருவி விற்பவர்களையும் செயலிக்காரர்களையும் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, நம் கண்முன் ஒரு மாதக் கணக்கை அவர்கள் கருவியிலிருந்து வெளியே எடுத்து, சாதாரண அட்டவணைக் கோப்பாக, வேறு கணிப்பொறியில் திறந்து காட்டச் சொல்வோம். சந்தா முடிந்த கருவியிலும் அதைச் செய்து காட்டச் சொல்வோம். காட்டுகிறவரிடம் ஒருவருக்கு இருவராக வாங்குவோம். 'தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவோம். கூட்டமாகக் கேட்டால் தலைமை அலுவலகம் சீக்கிரம் பதில் சொல்லும். இதில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்ற வேறுபாடு வேண்டாம். சில்லறைக் கடையின் கணக்கு மறைந்தால் நம் பாக்கியும் அதோடுதான் மறைகிறது.

நம் மண்டியில் நடைமுறை இதுதான். சனிக்கிழமை இரவு கல்லா கட்டியதும் கணக்குப்பிள்ளை அந்த வாரக் கணக்கை இரண்டு பென்டிரைவில் எடுக்கிறார். ஒன்று இரும்புப் பெட்டியில், ஒன்று நம் வீட்டுப் பீரோவில். பாக்கிப் பட்டியல் மட்டும் தாளிலும் அச்சாகிறது, ஏனெனில் தாளைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டாம். ஏப்ரலில் புதுக்கணக்குப் போடும் நாளன்று, மூன்று ஆண்டுக்கு முந்தைய கோப்பு ஒன்றை எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்கிறோம். சென்ற ஏப்ரலில் ஒரு பென்டிரைவ் திறக்கவில்லை. பீரோவில் இருந்தது திறந்தது.